வாசலில் ஒரு ஜோடி செருப்பு

உ

சிராங்கூன் ரோடு,
சிங்கப்பூர்
12-3-1967

அன்பு மகள் செல்லக்கண்ணுவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே அப்பா, அண்ணன், நான் மூவரும் அம்மன் கருணையால் சுகம், லிவர்பூல் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் கவலை. நர்ஸுக்குப் படிக்கிறவளுக்கு நான் சொல்ல வேண்டாம், இருந்தாலும் ஈரத்தலையோடு வெளியே போகாதே.

அண்ணன் மருதப்பனுக்குப் பெண் நிச்சயமாகிவிட்டதடி! போர்னியோவில் ஒரு கால் போய்ப் பட்டாளத்திலிருந்து வந்தவன் வீட்டுக்குள்ளேயே ஊன்றுகோலோடு கிடந்தது உனக்குத் தெரியும். போன மாதம் தெம்பனிஸில் மாணிக்கம் வீட்டுக்கு அவர் மகளைப் பெண் பார்க்கக் கூட்டிப்போனால், பூட்ஸும் செயற்கைக் காலுமாக வாசல்வரை வந்தவன், எல்லோரும் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்ததும் திரும்பிப் போய் டாக்சியில் உட்கார்ந்துகொண்டான். மானம் போச்சு என்று அப்பா குதித்தார். என்னடா என்று நான் கத்தினால் டாக்சிக்காரனிடம் வீட்டுக்கு விடச் சொல்கிறான், அழுத்தக்காரன். அப்புறம் நீ எழுதியபடி பழைய சிப்பாய்கள் சங்கத்துக்கு இழுத்துப்போனேன். அங்கே செயற்கைக் கால் செய்கிற சாகுல் ஹமீது பாயும் முன்னாள் சிப்பாய்தான். ஏன் தம்பி கோயிலுக்கே போறதில்லையாமே என்று அவர் கேட்டதும் இவன் உடைந்துவிட்டான். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் செயற்கைக் காலை பூட்ஸின் குதி உயரத்துக்கு அளவெடுத்துச் செய்தார்களாம், பூட்ஸைக் கழற்றினால் பின்னால் சாய்ந்து விழுகிறானாம். பூட்ஸோட ஒரு வீட்டுக்குள்ள எப்படிம்மா நுழையிறது என்று என்னிடம் கேட்டான். பாய் சிரித்தார். பள்ளிவாசலுக்குள்ள நான் மட்டும் செருப்போடவா போறேன், வெள்ளைக்காரனுக்கு இது எங்க தெரியும் லா என்று சொல்லி, குதி இல்லாமல் தட்டையாக, அடியில் ரப்பர் வைத்துப் புதுப் பாதம் செய்து மாட்டினார். தினமும் கைபிடித்து நடக்கப் பழக்கினார். சங்கத்து ரேடியோ ரிப்பேர் வகுப்பிலும் சேர்த்துவிட்டார்கள், நம் ரேடியோவைப் பிரித்துப் போட்டிருக்கிறான், இன்னும் பாடக் காணோம். அந்த மனிதரும் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவருக்கும் அவர் மனைவி ருக்கையா அக்காவுக்கும் துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி தெம்பனிஸ் போனோம். வாசலில் வார் வைத்த புதுச் செருப்பைத் தானே குனிந்து அவிழ்த்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனான். பெண் முத்தாயி எல்லாம் தெரிந்தேதான் சம்மதித்தாள், போன தடவை போட்ட காப்பி ஆறிப்போச்சு, இதையாவது சூடாக் குடிங்க என்றாளாம், வாயாடி. எல்லோரும் தேதி பேசிக்கொண்டிருக்க நான் வெளியே வந்தேன். அத்தனை செருப்புக்கு நடுவில் அவனுடையதும் ஜோடியாகக் கிடந்தது. நின்று அழுதுவிட்டேன்.

வைகாசியில் கல்யாணம், இப்போதே லீவு கேட்டு வை. பாய்க்கு மறக்காமல் நன்றி சொல்லி நாலு வரி எழுது. அம்மன் உன் கூடவே இருப்பாள்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
சிவகாமசுந்தரி