வீரய்யா அண்ணன் எழும்பி நின்ற ஞாயிறு

டிசம்பர் 5, வெள்ளி

கலியாண ரவிக்கை போடப் பார்த்தேன். கை முழங்கையோடு நின்றுவிட்டது. நாற்பத்தொரு வயதில் கலியாணப் பெண்ணுக்கு இவ்வளவு பசி எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. ஊரே மண்சரிவில் கலங்கிப்போய் இருக்கிறது. நான் மட்டும் வெட்கமில்லாமல் இரண்டு தட்டுச் சோறு தின்கிறேன்.

இன்று தபால் கந்தோரில் என் கவுண்டருக்கு வந்து ஒருவர் முத்திரை கேட்டார். என் பேனையை எடுத்து நீட்டினேன். அவரும் வாங்கிக்கொண்டு நின்றார்.

இன்னும் இருபத்திரண்டு நாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

முதலில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிறகு அழலாமா சிரிக்கலாமா என்று பார்க்கலாம்.

புயல் மழைக்குப் பிறகு எங்கள் கிறிஸ்தவக் கோயில் ஹோலில் ஆறு குடும்பங்கள் இருக்கின்றன. எல்லோரும் மேலே சரிவில் குடியிருந்தவர்கள். மூன்று வீடு மண்ணோடு போய்விட்டது, மற்ற மூன்றிலும் வெடிப்பு. பள்ளிவாசலும் நிரம்பிவிட்டதால் பஸீஹா ராத்தா குடும்பமும் எங்களிடம்தான். இன்று ஹோலைக் கழுவினார்கள் என்று பாதிப் பேர் கோயிலுக்குள் வந்து பின் வாங்குப் பலகைகளில் உட்கார்ந்திருந்தார்கள். ராத்தா வெளி விறாந்தையில் இருந்தார்.

போதகர் நம்பிக்கையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நல்ல பிரசங்கம்தான், பாவம். பின் வாங்குக்காரர்கள் ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு எங்கள் கலியாண அறிவித்தல். கெலிஓயா நிரஞ்சனிக்கும் நாவலப்பிட்டி சுதேஷுக்கும் இருபத்தேழாம் திகதி விவாகம், விருந்து கோயில் ஹோலில். என் பெயரைக் கேட்டதும் காது சுட்டது. "தடை அறிந்தவர் எவரேனும் இருந்தால் இப்போதே சொல்லக்கடவர்" என்று போதகர் கேட்டார். மூன்று ஞாயிறும் அப்படிக் கேட்பது முறை. பதில் சொல்வது முறையில்லை. அது வீரய்யா அண்ணனுக்கு எப்படித் தெரியும்? பிரதேச சபை லொறியில் வேலை செய்கிற மனிதர், முருகன் கோயில் காவடிக்காரர், ஆராதனைக்கு வந்ததே இன்றுதான். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்து எழும்பிவிட்டார்.

"ஐயா, கேட்டீங்கல்ல. எனக்கு ஒண்ணு இருக்குங்க."

கோயிலில் எல்லாத் தலையும் திரும்பியது. என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு ஏற்கனவே ஒரு புருஷன் இருப்பதாக அந்த நிமிடம் நானே நம்பிவிட்டேன்.

"அன்னிக்கு ஹோல்ல பந்தி போடுவாங்க. நாங்க ஆறு குடும்பம். எங்க போறதுன்னு யாராச்சும் சொன்னீங்கன்னா உக்காந்துடுறேன்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். போதகர் பாட்டு நம்பரைச் சொல்லிவிட்டார். அதுவும் பிழை நம்பர், சவ அடக்கத்தில் பாடுகிற பாட்டு.

டிசம்பர் 8, திங்கள்

கோபம். கோபம். கேட்க வேண்டுமென்றால் என்னிடம் தனியாகக் கேட்டிருக்கலாமே.

காலையிலிருந்து ஓய்வூதியம் எடுக்க வந்தவர்களில் ஐந்து பேர், "தங்கச்சி கலியாணத்துக்குத் தடையாமே?" என்று அனுதாபத்தோடு விசாரித்தார்கள். ஒருவர் சுதேஷுக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டார்.

சுதேஷிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறார். நாவலப்பிட்டி ஸ்டேஷனில் அவருக்கு இப்போது வேலையே இல்லை, பாதை உடைந்து ரயில் ஓடவில்லை, சிரிக்க நேரம் இருக்கிறது. அவருடைய அக்கா சஞ்சீவனி சிரிக்கவில்லை. ஒன்று ஹோலைக் காலி செய்யச் சொல், இல்லாவிட்டால் திகதியைத் தள்ளிப்போடு என்றார்.

தள்ளிப்போடுவதா. எனக்கு முன்பு வந்த இரண்டு சம்பந்தம் "கொஞ்சம் தள்ளிப்போடுவோம்" என்று போனவைதான், திரும்பி வரவே இல்லை.

டிசம்பர் 10, புதன்

போதகர் கந்தோருக்கே வந்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கேள்வியைக் கேட்கிறாராம், ஒருவர்கூடப் பதில் சொன்னதில்லையாம். பதில் வந்தால் என்ன செய்வது என்று ஆராதனைப் புத்தகம் முழுக்கத் தேடியிருக்கிறார். ஹோல் உங்கள் பெயரில் ஆகஸ்டிலேயே எழுதியாகிவிட்டது, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இங்கே பொய் சொல்லி என்ன? எனக்கு அந்த ஹோல் வேண்டும். கதிரைகளுக்கு வெள்ளைத் துணி கட்டி, வாசலில் வாழைமரம் வைத்து. மாப்பிள்ளை வீட்டில் எண்பது பேர். என் பக்கம் அம்மா இல்லை, அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. கந்தோர் ஆட்கள் நாலு பேர். ஹோலாவது அழகாக இருந்தால் என் பக்கம் ஆளில்லாதது தெரியாது என்று நினைத்தேன்.

ஆறு குடும்பத்தை வெளியே போடச் சொல்ல எனக்கு வாய் வருமா? வராது. பிறகு எதற்கு யோசிக்க நேரம் கேட்டேன்?

டிசம்பர் 12, வெள்ளி

மழை. இன்னும் போய்ச் சொல்லவில்லை.

டிசம்பர் 13, சனி

உடம்பெல்லாம் சேறு. குளித்தும் போகவில்லை. ஆனால் சிரிப்பு நிற்கவில்லை.

சுதேஷ் காலை பஸ்ஸில் வந்தார். இரண்டு பேருமாக ஹோலுக்குப் போனோம், "இருங்கள், விருந்தே வேண்டாம், கோயிலில் தாலி கட்டித் தேத்தண்ணீரோடு முடிக்கிறோம்" என்று சொல்ல. ஹோலில் யாரும் இல்லை. தரை கழுவியிருந்தது. பாய்கள் மூலையில் அடுக்கியிருந்தன. கதிரைகளை எல்லாம் துடைத்து இரண்டு பக்கமும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். எங்கள் கலியாணத்துக்கு!

யோசிக்கிறேன் என்று நான் சொன்னது அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது என்று எதிர்க் கடைக்காரர் சொன்னார். பள்ளிக்கூடம் திறக்கப்போவதால் அங்கேயும் இடமில்லை. அதனால் மேலேயே போய்விட்டார்கள், வெடித்த வீடுகளுக்கு. வானம் கருத்துக்கொண்டு வந்தது. கடவுளே, ஒரு மண்டபத்துக்காக நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்.

பிறகு ஓடினோம். ஓடினோம் என்றால் பத்து அடி, ஒரு விழுகை, பத்து அடி, ஒரு விழுகை. சுதேஷ் என்னைத் தூக்க வந்து தானும் விழுந்தார். பாதி ஏற்றத்தில் சாமான்களோடு போய்க்கொண்டிருந்தவர்களைப் பிடித்துவிட்டோம். "எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க, மழை வருது, மன்னிச்சிருங்க," என்று கத்தினேனாம். வீரய்யா அண்ணன் என்னைப் பார்த்தார். தலையில் இருந்து கால் வரை மண். முதலில் அவர் சிரித்தார், பிறகு அவர் மனைவி ஞானேஸ்வரி அக்கா, பிறகு எல்லோரும். மழைக்குள் சிரித்துக்கொண்டே இறங்கினோம்.

விருந்து வேண்டாம் என்ற கதையை ஹோலில் வைத்துச் சொன்னேன். பஸீஹா ராத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரெண்டு கிழமையா எல்லாரும் எங்களுக்குத் தந்துட்டே போறாங்க. வாங்கி வாங்கி கை கூசுது தங்கச்சி. ஒருத்தருக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுக்க எங்களுக்கு ஏலாம ஈக்கிது. ஒங்கட கலியாணத்த எங்களுக்குத் தாங்க."

தந்துவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

கலியாண அறிவித்தலின் இரண்டாவது வாசிப்பு. தடை கேட்கும்போது போதகரின் குரல் இறங்கிப்போய்விட்டது. கண் நேரே பின் வாங்குக்குப் போனது. வீரய்யா அண்ணன் எழும்பினார்.

"தடை இல்லீங்க. பொண்ணு வீட்டுக்காரங்க நாங்கதான். அதைச் சொல்லிட்டுப் போலாம்னு எந்திரிச்சேன்."

அப்போது நான் அழுதேன், மூக்கு ஒழுக ஒழுக. கைக்குட்டை கொண்டுபோகவில்லை. பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 19, வெள்ளி

ஹோலில் சண்டை. சந்தோஷமான சண்டை. ராத்தா புரியாணி என்கிறார். ஞானேஸ்வரி அக்கா, எங்கள் ஆட்கள் சனிக்கிழமை மரக்கறிதான் என்கிறார். இரண்டும் என்று முடிவாகி, இப்போது எந்தச் சட்டியை எந்த அடுப்பில் வைப்பது என்று தொடங்கியிருக்கிறார்கள். போன கிழமை பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவர்கள் இவர்கள். என் ரவிக்கையைப் பிரித்து ராத்தாவே பெரிதாக்கிவிட்டார். "தின்னுங்க, இன்னும் துணி ஈக்கிது" என்றார்.

போதகரை வெங்காயம் உரிக்க உட்கார்த்தியிருக்கிறார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நான் முக்கால் மணி நேரம் பேசினேன், நிரஞ்சனி. இவங்களுக்கு ஒரு வேலையைக் குடுத்திருக்கலாம்." அழுதாரா வெங்காயமா என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

மூன்றாவது வாசிப்பு. யாரும் எழும்பவில்லை. எனக்குச் சற்று ஏமாற்றம்.

டிசம்பர் 27, சனி

திருமதி சுதேஷ். திருமதி சுதேஷ். திருமதி சுதேஷ். சரி, போதும்.

ஹோல் வாசலில் வாழைமரம் இல்லை. வீரய்யா அண்ணன் நின்றார், இரவல் கோட்டோடு. சஞ்சீவனி அக்கா குதி உயர்ந்த செருப்போடு வந்ததும் மறித்துவிட்டார். "செருப்ப வெளிய விட்டுட்டு வாங்கம்மா, நாங்க படுக்கிற எடம்." அக்கா ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். அக்கா குனிந்து செருப்பைக் கழற்றினார். பின்னால் வந்த எண்பது பேரும் கழற்றினார்கள். எல்லோரும் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "போதும்" என்றவர்களை ராத்தா விடவில்லை. சஞ்சீவனி அக்கா மூன்று தரம் வாங்கினார், புரியாணியும் மரக்கறியும் கலந்து.

என் பக்கம் எத்தனை பேர் என்று எண்ணவே மறந்துவிட்டேன்.

ஜனவரி 22, வியாழன்

பெயர் மாற்றுவதற்காக விவாகச் சான்றிதழோடு கண்டியில் பதிவுக் கந்தோருக்குப் போனேன். லிகிதர் பெண் அதை வாசித்துக்கொண்டே வந்து சாட்சிகள் என்ற இடத்தில் நின்றாள். கலியாணத்தன்று சாட்சியாகக் கையெழுத்து வைக்கும்போது, வதிவிடம் என்ன என்று போதகர் கேட்க, வீரய்யா அண்ணன் இரவல் கோட்டின் பொத்தானைத் திருகினார். சொல்வதற்கு வீடு இல்லையே. போதகர் கோயில் முகவரியைத் தெளிவாக எழுதினார். இப்போது அந்த முகவரியும் பழசு. போன ஞாயிறு அவர்கள் கடுகண்ணாவையில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். பால் பொங்க எங்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

"இந்த வீரய்யாங்கிறவர் கோயில் காவல்காரரா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

இல்லை, பெண் வீட்டுக்காரர் என்று சொன்னேன்.