இன்விக்தா என எழுதிய விரல்

நலம் பெருகுக. ஆழிசூழ் செங்கழனி நாட்டின் ஏழு கோட்டைக்கும் உரியவளும், நெடுஞ்சேட்கோனின் ஒரே மகளுமாகிய அரசி நல்லிளங்கோதை, வேலாழித் துறைத்தலைவர் பெருஞ்சாத்தருக்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் கலங்கள் நிறைக. உம் மனையில் விளக்கு நின்றெரிக. வாழ்த்து இவ்வளவே. மேற்கொண்டு வாழ்த்த எமக்கு மனமில்லை.

உரோம வேந்தர்க்கு யாம் போக்கிய ஓலையை அவர்தம் இலத்தீன் மொழியில் பெயர்த்த அந்துவன் அழிசியார், எம் விருதுப்பெயரின் ஈற்றை மாற்றினார் என்று அவரைச் சிறையிட்டு, வரும் வெள்ளியன்று அவர் வலக்கைப் பெருவிரலைக் கொய்ய நாள் குறித்திருப்பதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்.

அந்தச் சொல்லை நீர் அறியீர், இப்போதேனும் அறிந்துகொள்ளும். வெல்லுதலைக் குறிக்கும் ‘வின்கெரே’ என்னும் வினையில் பிறந்தது, வெல்லப்பட்டவன் எனும் ‘விக்துஸ்’. அதன்முன் இன்மை குறிக்கும் ‘இன்’ சேர, வெல்லப்படாதவன் எனும் ‘இன்விக்துஸ்’ ஆயிற்று. எம் தந்தையாருக்கு அது பொருந்தும். நம் மொழியில் நல்ல அரசன், நல்ல அரசி என்று அடைமொழி அசையாது நிற்கும். அவர்கள் மொழியிலோ, தான் சார்ந்த பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப அது ஈறு மாறும். ஆகவே எமக்கு ‘இன்விக்தா’ என்று எழுதினார். இதை அவர் மூன்று முறை விளக்கினார் என்றும், அரசியை ஆணாக்கி எழுதத் தம் கை வராது என்றார் என்றும், அப்படிப்பட்ட கைக்கு விரல் எதற்கென்று நீர் நகைத்தீர் என்றும் உம் ஓலையே சொல்கிறது.

வேந்தர் விருதில் ஓரெழுத்தும் மாற்றலாகாது என்பது எம் தந்தையார் இட்ட விதிதான். கள்ள ஓலை எழுதுவோரைப் பிடிக்க இட்டார். நீரோ, நாற்பதாண்டு பழைய ஓலையைப் பார்த்துப் படியெடுத்தே பழகி, அரியணையில் ஆள் மாறியதைக் கவனியாமல் விட்டீர். மீண்டும் ‘இன்விக்துஸ்’ என்றாக்கி, உரோமர் கலத்திலும் ஏற்றிவிட்டீர். யாம் ஆளத் தொடங்கி ஐந்தாண்டு ஆகிறது. பகைவர் இருமுறை வந்தனர், இருமுறையும் ஓடினர். அவர்களை ஓட்டியவர் யாரென்று நினைத்தீர்?

கலம் இன்னும் காற்றுக்குக் காத்திருக்கிறது. இவ்வோலை கண்ட பொழுதே அழிசியாரை விடுவித்து, அவர் எழுத்தாணியை உம் இரு கையாலும் அவரிடம் கொடுத்து, பிழையோலையை மீட்டு, அவர் கையாலேயே திருத்தச் செய்க. இது எம் ஆணை.

தந்தையாரின் முத்திரையை இன்று காலை உடைத்தோம். கீழே பதிந்திருப்பது எம் புது முத்திரை. அதில் இலத்தீன் எழுத்தில் ஒரே சொல் உண்டு. முத்திரையைப் படித்து உறுதிசெய்த பின்னரே ஆணையை நிறைவேற்றுவது துறைத்தலைவர் கடமை. உம் துறைப் பணியாளருள் அதைப் படிக்க வல்லவர் ஒருவரே. அவர் உமது சிறையில் இருக்கிறார்.