பசிக்காத மாதங்கள்

பொம்மனஹள்ளி, பெங்களூர்
14 நவம்பர் 2025

பாசமுள்ள மௌரீன் அக்காவுக்கு,

நானும் எரிக்கும் நலம். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் உங்கள் கன்னியர் மடத்தில் கடிதம் பிரிக்க மாட்டீர்கள். அதற்குள் வந்து சேர வேண்டுமே என்று பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்தே எழுதுகிறேன். போன் இருக்கிற காலத்தில் அக்காவுக்குக் கவர் ஒட்டுகிறவள் இந்த ஊரில் நீ ஒருத்திதான் என்று எரிக் கேலி செய்கிறார். வெளியே வராத மடமாகப் பார்த்து நீ போய்ச் சேர்ந்தால் நான் என்ன செய்ய?

போன மாதம் கருத்தரிப்பு மருத்துவமனைக்குப் போயிருந்தோம். டாக்டர் சௌம்யா நல்ல மனுஷி, ஆனால் வளைந்து கொடுக்க மாட்டார். "இந்த வெயிட்ல நான் ட்ரீட்மென்ட் ஆரம்பிக்க மாட்டேன் லவினா, இருபது கிலோ குறைச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறவளுக்கு இருபது கிலோ என்ன சாதாரணமா? எவ்வளவு நடந்திருக்கிறேன், எத்தனை நாள் ராகிக் கஞ்சியோடு நிறுத்தியிருக்கிறேன், உனக்குத் தெரியும். வயது முப்பத்தாறு ஆகிவிட்டது.

எங்கள் ஆபீஸ் வீணா உடம்பு இளைக்க ஊசி போட்டுக்கொள்கிறாள். பாதியாகிவிட்டாள். அவள் கொடுத்த நம்பரில் ஒரு டாக்டரிடம் வீடியோவில் பேசினேன். சர்க்கரை இருக்கா, தைராய்டு இருக்கா, ப்ரெக்னன்ட்டா என்று கேட்டார். கடைசிக் கேள்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்ல சார், எட்டு வருஷமா அதுக்குத்தானே அலையுறேன்" என்றேன். அவரும் சிரித்தார். போனை வைத்த கையோடு வாட்ஸ்அப்பில் மருந்துச் சீட்டு வந்துவிட்டது.

வாரம் ஒரு ஊசி. எனக்குப் பார்க்கவே பயம், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சிவாஜிநகர் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எரிக்தான் வயிற்றில் போட்டுவிடுகிறார். போட்டுவிட்டு, அழுகிற பிள்ளைக்குச் செய்கிற மாதிரி அந்த இடத்தில் ஊதுகிறார்.

டாக்டர் சௌம்யாவிடம் இன்னும் சொல்லவில்லை. குறைத்துக்கொண்டு போய் நின்றால் போதாதா? எங்களுக்காகச் செபித்துக்கொள்.

உன் செல்லத் தங்கை
லவினா

24 நவம்பர் 2025

அன்புத் தங்கை லவினாவுக்கு,

ஆண்டவரின் அமைதி உன் வீட்டில் தங்கட்டும். உன் கடிதம் நல்ல வேளையாக இப்போதே வந்தது. இங்கே எல்லாரும் சுகம். மதருக்கு மட்டும் இருமல் நிற்கவில்லை. இந்த வருடம் தோட்டத்தில் அவரைக்காய் நன்றாகக் காய்த்திருக்கிறது, உரித்து உரித்து என் நகமெல்லாம் பச்சை.

உன் ஊசியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்த டாக்டர் உன் நாடியைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. டாக்டர் சௌம்யாவிடம் சொல்லிவிடு. திட்டினால் திட்டட்டும்.

சின்ன வயதிலிருந்தே உன் உடம்பைப் பற்றி ஆளாளுக்குப் பேசினார்கள். அம்மாவும் பேசினார், நானும் பேசினேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு உன்னை வதைத்துக்கொள்ளாதே. தினமும் காலைச் செபத்தில் உன் பெயரையும் எரிக் பெயரையும் சொல்கிறேன்.

உன் அக்கா
மௌரீன்

பொம்மனஹள்ளி
9 ஜனவரி 2026

பாசமுள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள்! இப்போது என்னைப் பார்த்தால் நீயே யாரோ என்பாய். கிறிஸ்துமஸ் பூசைக்குக் கல்யாணப் புடவைக்குத் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு போனேன். கொக்கி மாட்டியது! பூசை முடிந்ததும் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன லவி, என்ன சாப்பிடுறே?" என்று ஒரே விசாரணை. நடக்கிறேன் என்று பொய் சொன்னேன்.

அக்கா, எனக்குப் பசிக்கவே இல்லை. எப்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சத்தம், அடுத்து என்ன சாப்பிடலாம் என்கிற சத்தம், நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக மற்றவர்கள் இப்படித்தான் நிம்மதியாக இருந்தார்களா? அப்புறம் எனக்கு மட்டும் என்ன தண்டனை அது?

இன்னொரு சந்தோஷம். நாலு மாதம், ஐந்து மாதம் என்று ஏமாற்றிக்கொண்டிருந்த மாதவிலக்கு நவம்பரிலும் டிசம்பரிலும் ஒழுங்காக வந்தது. ஈஸ்டருக்குப் பிறகு டாக்டர் சௌம்யாவிடம் போகலாம் என்று இருக்கிறோம். எரிக் பொம்மசந்திரா தொழிற்சாலையில் அதற்கென்று இப்போதே லீவு சொல்லி வைத்துவிட்டார்.

நீ சொன்னபடி டாக்டரிடம் ஊசியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

உன் செல்லத் தங்கை
லவினா

பொம்மனஹள்ளி
2 மார்ச் 2026

அக்கா,

தவக்காலத்திலும் நீங்கள் கடிதம் பிரிப்பதில்லை என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். கவரின் மேல் "அவசரம்" என்று எழுதியிருக்கிறேன், அதைப் பார்த்தால் மதர் உன்னிடம் கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

உடம்பு சரியில்லை. பிப்ரவரியில் அந்த வீடியோ டாக்டர் ஊசியின் அளவைக் கூட்டினார். அதிலிருந்து ஒரே வாந்தி. கறிவேப்பிலை தாளிக்கிற வாசனை வந்தாலே குடலைப் பிடுங்குகிறது. எரிக்கின் ஷேவிங் க்ரீம் வாசனைகூட ஆகவில்லை, பாவம், அவர் மாடிக்குப் போய் ஷேவ் செய்கிறார். மார்பெல்லாம் வலி. ஆபீசில் மேஜையிலேயே தலைசாய்த்துத் தூங்கிவிடுகிறேன். ஒழுங்காக வந்த மாதவிலக்கும் மறுபடி நின்றுவிட்டது.

அந்த டாக்டரிடம் பேசினேன். "அளவு கூட்டினா எல்லாருக்கும் அப்படித்தான் மேடம், வெயிட் வேகமா குறையும்போது பீரியட்ஸ் தள்ளிப்போகும், இப்ப விட்டா எல்லாம் திரும்ப ஏறிடும்" என்று வாந்திக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீணாவும் தனக்கு இப்படித்தான் இருந்தது என்கிறாள். எரிக்குக்கு மனசே இல்லை. போன ஞாயிறு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வாரம் வேணாம் லவி" என்றார். நான்தான் சண்டை போட்டுப் போடவைத்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு நிறுத்துவதா?

உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. வேறு யாரிடம் இதையெல்லாம் சொல்வேன்?

லவினா

6 ஏப்ரல் 2026, பாஸ்கா திங்கள்

என் லவினா,

இதைப் படித்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எரிக்கைக் கூட்டிக்கொண்டு டாக்டர் சௌம்யாவிடம் போ. நீ கர்ப்பமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். ஊசியை இனிமேல் தொடாதே. நீ அம்மா வயிற்றில் இருந்தபோது எனக்கு எட்டு வயது. கறிவேப்பிலை வாசனைக்கு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். உன் கடிதத்தின் இரண்டாவது பத்தியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

மதரிடம் அனுமதி வாங்கி மடத்துப் போனில் நேற்று மதியத்திலிருந்து உன்னைக் கூப்பிடுகிறேன். நீ எடுக்கவில்லை. எரிக் நம்பர் என்னிடம் இல்லை. அதனால் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன் கடிதம் வந்த அன்றே மதர் என்னைக் கூப்பிட்டார். "அவசரம்னு போட்டிருக்கே, பிரிச்சுக்கோ" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ எல்லாக் கவரிலும் அவசரம் என்றுதான் எழுதுவாய், லவி. உன் எழுத்தைப் பார்த்ததுமே பிரிக்கக் கை துறுதுறுத்தது. அந்த ஆசையை ஆண்டவருக்குக் காணிக்கையாகக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

தவக்காலம் முடிந்து நேற்று ஈஸ்டர் மதியம்தான் பிரித்தேன். அதிலிருந்து என்னால் முழங்காலில் நின்று செபிக்க முடியவில்லை.

ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி.

அக்கா

பொம்மனஹள்ளி
17 ஏப்ரல் 2026

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ நினைத்தது சரிதான்.

மார்ச் கடைசியில் ஒரு நாள் ஆபீசில் அடிவயிறு பிடுங்கியது. எழுந்தால் நாற்காலியெல்லாம் ரத்தம். வீணா ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். மாதவிலக்குத்தான், தள்ளிப்போனதால் அதிகமாக வருகிறது என்று நான் ஆட்டோவில் அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்த பெண் திரையை என் பக்கம் திருப்பவில்லை. "எத்தனை வாரம்னு தெரியுமா?" என்று கேட்டாள். எதற்கு என்றுகூட எனக்குப் புரியவில்லை. பத்து பதினோரு வாரம் இருக்கும் என்றார்கள். அக்கா, அது இருந்தது என்பதையும் இல்லை என்பதையும் நான் ஒரே நேரத்தில் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் சௌம்யாவைப் போய்ப் பார்த்தோம். ஊசியினால்தானா என்று எரிக் கேட்டார். "அப்படின்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. ஊசி இல்லாதவங்களுக்கும் இப்படி ஆகுது" என்றார். எடை குறைந்தால் கரு தானாகவே தங்கலாம், அதனால் இந்த ஊசி போடுகிறவர்கள் கர்ப்பம் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இதை உங்களிடம் யாருமே சொல்லவில்லையா என்று கேட்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

எரிக் அந்த ஆன்லைன் டாக்டருக்குப் போன் போட்டார். "நான் கேட்டேனே சார், மேடம்தானே இல்லைன்னாங்க" என்றாராம். பொய் இல்லை, நான்தான் அப்படிச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

எரிக் என்னோடு அதிகம் பேசுவதில்லை. என்மேல் கோபம் என்று நினைத்தேன். நேற்று சோறு பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டு, "என் கையாலதானே லவி ஒவ்வொரு வாரமும் போட்டேன்" என்றார். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். குழாயை நான்தான் போய் மூடினேன்.

ஊசியை நிறுத்தியதும் பசி திரும்ப வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே வந்துவிட்டது. அழுதுகொண்டிருக்கும்போதே பசிக்கிறது, அக்கா. இவ்வளவு நடந்த பிறகும் இந்த உடம்புக்குச் சோறு கேட்கத் தோன்றுகிறதே என்று அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் எழுந்து போய்ச் சாப்பிடுகிறேன்.

அன்று நீ போன் செய்தது எனக்குத் தெரியும். புது நம்பரைப் பார்த்ததும் மடமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். எடுக்கத் தோன்றவில்லை.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நீ பிரித்திருந்தாலும் இப்படியே ஆகியிருக்கலாம். டாக்டர் சொன்னதை வைத்துப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் இரண்டு மூன்று வாரமாவது நான் அம்மாவாக இருந்திருப்பேன், தெரிந்தே. எரிக் என் வயிற்றில் ஊசி போடாமல் வெறுமனே கை வைத்துப் பார்த்திருப்பார். அதைத்தான் நீ உன் ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டாய்.

காலைச் செபத்தில் எங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம். எரிக்கும் இதையே சொல்கிறார். எனக்கு எழுதவும் வேண்டாம். முன்பெல்லாம் உன் கவர் வந்தால் படியிலேயே நின்று படிப்பேன். இந்தத் தடவை நாலு நாள் டிவி மேல் கிடந்தது.

மதருக்கு இருமல் நின்றதா என்று கேட்கலாம் என்று நினைத்தேன். பரவாயில்லை.

லவினா