அத்தை விரித்து வைக்கும் கைகள்

மார்ச் 4

பால் கணக்கில் ஒரு நாள் கூடுதல். சொன்னதும் பால்காரர் சிரித்துக்கொண்டே திருத்தினார்.

அத்தையை முதியோர் இல்லத்திலிருந்து அழைத்து வந்து இரண்டு வாரம். வலது மணிக்கட்டில் இன்னும் மாவுக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்கிறது இல்லம். நம்பாமல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டிருக்கிறோம்.

சாயங்காலப் பிரார்த்தனை முடித்து வந்தால், படுத்தபடியே இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து வைத்திருக்கிறார். அவரும் பிரார்த்திக்கிறாரோ? "விடும்மா, உன் சாமிக்கே காது வலிக்கும்" என்று என்னைக் கேலி செய்தவர்.

மார்ச் 9

பிரார்த்தனை இல்லை. உதடு அசையவில்லை. கண் வாசலையே பார்க்கிறது. கைகளை மடக்கி நெஞ்சில் வைத்தேன். மெதுவாக மறுபடி விரித்துக்கொண்டார். யாருக்காகக் காத்திருக்கிறார்? அந்த அறை விளக்கை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 15

வக்கீல் வந்தார். "வழுக்கினாங்கன்னு அவங்க சொல்றாங்க. மறுக்க நம்மகிட்ட என்ன இருக்கு? பாட்டிக்கு ஞாபகமே இல்லையே."

அத்தையின் மகனான இவரோ, "குடுக்கறத வாங்கிட்டு விட்டுடலாம். சாமி பாத்துக்கும்னு நீதானே சொல்லுவ" என்றார்.



மார்ச் 16

இன்று சாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 20

மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. பொழுது சாயும் நேரம், அத்தையின் கையைத் துடைக்க நீளத் துண்டோடு போனேன். துண்டைப் பார்த்தார். கைகள் தாமாகவே கட்டிலின் இரு விளிம்புக்கும் போய் நின்றன.

"கட்டுங்க சிஸ்டர். வலது கைய மட்டும் கொஞ்சம் தளர்வா. அன்னிக்கு மாதிரி முறுக்கிடாதீங்க."

அவ்வளவு பணிவு. பிறகு ரகசியமாக, "ஞாயித்துக்கிழமை என் மருமக வருவா. அதுக்குள்ள அவுத்துடுங்க. பாத்தா தாங்கமாட்டா."

கட்டிப்போட்டிருக்காங்க. பாவிங்க — கட்டிப்போட்டிருக்காங்க.

திரும்பினால் வாசற்படியில் இவர். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

மார்ச் 21

இவரே வக்கீலுக்குப் போன் செய்தார். "சமரசம் கிடையாது சார். நான் சாட்சி சொல்றேன்."

செப்டம்பர் 12

கோர்ட்டில் இல்லத்து ஆயா அழுதுவிட்டாள். கட்டுவது அங்கே வழக்கம்தான் என்று ஒப்புக்கொண்டாள். ஜெயித்த மாதிரிதான் என்கிறார் வக்கீல்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாசலைப் பார்த்தார்.

"இந்த வாரமும் என் மருமக வரலியே சிஸ்டர்."

"வருவாங்கம்மா" என்றேன்.