கிளிநொச்சிக்காரிக்கு வந்த சம்மதம்

11 யூன் 1995
விதுரனின் சின்னம்மா குகனேஸ்வரி இன்று, இத்தாலியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அறைக்கு வந்தார். எனக்கும் விதுரனுக்கும் கல்யாணப் பேச்சுத்தான். "பிள்ளை எந்த ஊர்?" கிளிநொச்சி என்றேன். "அது சரி, அதுக்கு முன்னம்?" முன்னம் என்ன முன்னம்? நான் பிறந்ததே அங்கேதான். "ஓ... குடியேற்றத் திட்டத்து ஆக்களோ" என்றவர், தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பற்றிக்கொண்டு வருகிறது.

12 யூன்
நேற்று வாயில் வராததை இங்கே எழுதுகிறேன். ஆனையிறவுக்குத் தெற்கே, இரணைமடுக் குளத்துக்குக் கீழே எங்கள் இடம். குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயலுக்குப் போகும். காடு வெட்டினால் காணி என்றார்கள். யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் உப்புக் கிணற்றோடு மல்லாடிய அப்பப்பா போய் வெட்டினார். மலேரியாவுக்கு ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தார். அதற்கு முன்பே பூநகரிப் பக்கம் சனம் இருந்தது. அவர்களை யார் கணக்கில் எடுத்தார்கள்? தனி மாவட்டமாகப் பிரித்தது 84இல்தான், எனக்கு அப்போது பதினாலு வயது. என்னைவிட இளையது என்பதால் அது ஊர் இல்லையா? யாழ்ப்பாணத்தில் எங்கள் நெல்லைத் தின்னும்போது மட்டும் ஒருவரும் பூர்வீகம் கேட்கவில்லையே.

2 யூலை
இங்கத்தைப் பல்லாறோ சந்தையில் விதுரனைக் கண்டேன். யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து தாய் எழுதியிருக்கிறாராம், வேண்டாம் என்று.
"நீர் என்ன சொன்னனீர்?"
"அம்மாவை எதிர்த்து என்னெண்டு கதைக்கிறது, சயந்தினி?"
கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அதையே கட்டட்டும்.

3 யூலை
நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, தன் மருமகன் மலைக் கிராமத்தான் என்று முகம் சுளித்தார். இங்கேயுமா?

5 நவம்பர்
ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணமே வெளிக்கிட்டுவிட்டதாம், மழைக்குள், நடந்து. கோபம் போகவில்லை. ஆனாலும் அழுதேன்.

14 ஜனவரி 1996
அம்மாவின் கடிதம். விதுரனின் தாயும் தகப்பனும் கிளாலிக் கடலேரியால் படகில் வந்து கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தார்களாம். அப்பா விசாரித்துப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். "உன்ரை கதையை அவையும் எடுக்கேல்லை, நாங்களும் எடுக்கேல்லை."

25 பெப்ரவரி
குகனேஸ்வரி விதுரனோடு வந்தார். "அக்கா ஓமெண்டிட்டா. நல்ல ஆக்களாம், எழுதியிருக்கிறா."
நல்ல ஆட்களாம். யூனில் நாங்கள் வேறு ஆட்களா? விதுரன் மீது ஆசை இல்லை என்று பொய் எழுத மாட்டேன். அதனால்தான் இவ்வளவு எரிகிறது.
"அவை எவ்வளவு காலமும் இருக்கலாம்" என்றேன். "அதுக்கு வாடகையா எனக்கு ஒரு சம்மதம் வேண்டாம்."
விதுரன் அப்போதும் சின்னம்மாவின் முகத்தைத்தான் பார்த்தான்.

1 மார்ச்
அம்மாவுக்கு எழுதினேன். விதுரனின் தாய் தகப்பனுக்கு உள்ளறையைக் கொடுங்கள். தாய்க்கு முழங்கால் வருத்தம், கிணற்றடிக்குத் தனியே விட வேண்டாம். நான் மாட்டேன் என்று சொன்னதை மட்டும் அவவுக்குத் தெரியவிடாதேங்கோ. பிறகு எங்கடை வீட்டில் சாப்பிடக் கூச்சப்படுவா.