பலூனுக்குள் நடுங்கிய எழுத்து

அன்பு மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தங்கையும் நலம். நீ நலமா என்று எல்லாக் கடிதத்திலும் கேட்பதுதான், நீயும் நலம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவாய். இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்று கேட்கிறேன். போனிலேயே கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ சிரித்து மழுப்பிவிட்டு அம்மாகிட்ட குடுங்கப்பா என்பாய், அம்மாவிடம் என்ன சாப்பிட்டாய் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் கடிதம். என் கை இப்போது பேனா பிடிக்கிற நிலையில் இல்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் ‘கை ஒதறுது’ என்று சொன்னால் உன் தங்கை ‘நடுங்குகிறது’ என்று எழுதுகிறாள், எங்கள் வீட்டுக் குட்டி வாத்தியாரம்மா. கடிதம் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

வீட்டுச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு டிப்போவில் பகல் வேலையாகவே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அதனால் இப்போது சாயங்காலம் வீட்டில் இருக்கிறாள், எங்கள் இருவருக்கும் திட்டு நேரத்துக்குக் கிடைக்கிறது. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. என்னைப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற மேசையிலிருந்து எடுத்து முன்பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள், ரத்தம் பிடிக்கிற கண்ணாடிக் குழாய்களுக்குப் பேர்ச் சீட்டு ஒட்டுகிற வேலை. சீட்டும் கோணலாகத்தான் ஒட்டுகிறது, ஆனால் கோணல் சீட்டு யாரையும் குத்தாது. மாதாமாதம் சர்க்கரை பார்க்க வருகிற பெரியவர் ஒருவர் போன வாரம் என்னிடம் வந்து, ‘சார், நீங்க குத்துனா ஒரே குத்துல நரம்பு மாட்டும், இந்தப் புதுப் பையன் கெணறு வெட்டுறான்’ என்று கையைக் காட்டினார். சிரித்தேன். அவர் போன பிறகு கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலைக்காக வெளியூர் போனதிலிருந்து சனிக்கிழமை தோறும் நானும் உன் தங்கையும் பஸ் நிறுத்தத்துப் புத்தகக் கடைக்குப் போகிறோம் என்று உனக்குத் தெரியும், எப்படிப் புத்தகம் எடுக்கிறோம் என்று சொன்னதில்லை. உன் நிறுவனத்தின் புது காமிக்ஸ் கட்டு அன்றைக்குத்தான் பிரியும். வாரத்துக்கு இரண்டு என்பது வீட்டுச் சட்டம். உன் பேர் எந்தப் புத்தகத்திலும் அச்சாவதில்லை. படத்தில் பேச்சு வருகிற பலூனுக்குள் கையால் வசனம் எழுதுகிறவன் பேரை எவன் போடுவான் என்று நீயே சொல்லியிருக்கிறாய், எந்தக் கதை உன் மேசைக்கு வரும் என்பதும் உனக்கு முன்னால் தெரியாது. அதனால் நான் அலமாரி முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் புரட்டுவேன். படம் பார்க்க மாட்டேன், கதை பார்க்க மாட்டேன், எழுத்தை மட்டும் பார்ப்பேன். உன் ‘ழ’வின் வால் படுத்திருக்கிற பூனையின் வால் போல உள்பக்கம் சுருண்டிருக்கும், இரண்டாம் வகுப்பிலேயே அப்படித்தான், உன் ஆசிரியை சிவப்பு மையால் வெட்டி வெட்டிப் பார்த்தும் மாறவில்லை. அந்த வால் தெரிந்தால் அந்தப் புத்தகம் நமக்கு. கடைக்கார அம்மா, ‘சார், நீங்க பொஸ்தகம் வாங்குறீங்களா, கைரேகை எடுக்குறீங்களா’ என்று கேட்பார். உன் கை இரண்டு புத்தகத்தில் இருந்துவிட்டால் உன் தங்கையின் பங்கு போயிற்று, அவளுடைய துப்பறியும் கதை அந்த வாரம் கிடையாது. ‘அண்ணன் நல்லா வேலை செஞ்சா எனக்குத்தான் நஷ்டம்’ என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வருவாள். (இது உண்மை. ஆனால் ஒரு முறைதான் சொன்னேன். தங்கை.)

மழை தொடங்குவதற்கு முன்னால் என் கைக்காக டாக்டரிடம் போனோம். அவர் என்னைத் தாளில் ஒரு சுழி போடச் சொன்னார், போட்டேன், அது சுருக்கம் விழுந்த சட்டை மாதிரி வந்தது. உங்க அப்பாவுக்கு இது இருந்துச்சா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் என் அப்பாவின் டம்ளர் ஞாபகம் வந்தது. அவர் எப்போதும் பாதி டம்ளர்தான் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். நிறைய ஊற்ற விடமாட்டார். சிக்கனம் என்று வீட்டில் கேலி செய்வோம், தண்ணிக்குக்கூடவா கணக்கு என்று. அது சிக்கனம் இல்லை தம்பி. நிறைந்த டம்ளரை அவரால் சிந்தாமல் தூக்க முடியாது. டாக்டர், ‘சில குடும்பத்துல இது வழி வழியா வரும், சிலருக்கு சின்ன வயசுலேயே தொடங்கும், சீக்கிரம் பார்த்துட்டா மாத்திரையில ரொம்ப நாள் அடக்கி வைக்கலாம். பிள்ளைங்களுக்கு எப்படி’ என்றார். நன்றாக இருக்கிறார்கள், என் மகன் கையை வைத்துத்தான் சம்பாதிக்கிறான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சனிக்கிழமைதான் கடையில் அந்தக் கடல் கதையைப் புரட்டினேன். பூனை வால் இருந்தது. ஆனால் வால் நடுவில் இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது.

முதலில் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். பிறகு வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கொம்புகளும் சுழிகளும் நேராக வராமல் உதறி உதறி நின்றன. அடுத்த இதழிலும் அப்படியே, அதற்கடுத்ததில் இன்னும் கூடுதல். அச்சாகி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்பாயே, அப்படியானால் நான் பார்ப்பது எப்போதோ எழுதின கை, இன்றைக்கு அது எப்படி இருக்கிறதோ. அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. முன்பு மாதம் ஒரு கடிதம் எழுதுவாய், இப்போது போனில் தட்டி அனுப்புகிறாய். படத்தோடு பேசும்போது போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டுப் பேசுகிறாய், முகம் தெரிகிறது, தோள் தெரிகிறது, கை ஒருமுறைகூடப் படத்துக்குள் வருவதில்லை. அம்மாவிடம் சொன்னேன். ‘பொம்மைப் பொஸ்தகத்தைப் பார்த்து ஜுரம் பார்க்கிற ஒரே ஆளு நீங்கதான், பேசாம மாத்திரையைப் போட்டுட்டுப் படுங்க’ என்றாள். ஆனால் அடுத்த முறை நீ அழைத்தபோது அவளும் உன் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தாள், கை வருமா என்று.

உன் தங்கைதான் ஒரு நாள் மூன்று இதழ்களையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். ‘அப்பா, நீங்க எழுத்தைத்தான் பார்க்குறீங்க, யாரு பேசுறாங்கன்னு பார்க்கலை’ என்றாள். கதையை எனக்குச் சொன்னாள். கப்பல் தலைவர் ஒரு கிழவர், நடுக்கடலில் விஷக்காய்ச்சல் கண்டு கிடக்கிறார். நடுங்குகிற எழுத்தெல்லாம் அவர் பேசுகிற பலூனில் மட்டும்தான். மாலுமிகள் பேசுவது, சமையல்காரன் கத்துவது, கடற்பறவைகூட, எல்லாம் கல்லில் வெட்டின மாதிரி நிற்கிறது. ‘வேணும்னேதான் அண்ணன் அப்படி எழுதியிருக்கு, நோயாளி குரல் கேட்கணும்னு’ என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவ்வளவு பயந்து வாங்கின புத்தகங்களில் ஒரு வரியைக்கூட நான் வசனமாகப் படிக்கவில்லை பார். அன்றைக்கு அவளுக்குத் துப்பறியும் கதையின் விட்டுப்போன இதழ்களையெல்லாம் சேர்த்து வாங்கிக் கொடுத்தேன், சட்டமாவது ஒன்றாவது.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. கிழவர் பேசுவதை மறுபடி படித்துப் பார்த்தேன், இந்த முறை வசனமாகவே. படிக்கப் படிக்க அந்த நடுக்கம் எனக்குத் தெரிந்த நடுக்கமாக இருந்தது. மேலே ஏறும்போது சரியாக ஏறி, திரும்புகிற இடத்தில் மூன்று தரம் தடுக்கி, கீழே இறங்கும்போது அவசரமாக விழுகிற கோடு. அது யாரோ ஒரு நோயாளியின் கை இல்லை, என் கை. உனக்கு நான் கடைசியாக நானே எழுதின கடிதத்தில் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்து எழுதினாயா? இல்லை, பார்க்காமலே அப்படி வந்ததா? மற்றவர்கள் பேசுவது நேராக இருக்கிறதே என்று உன் தங்கை வாதாடுகிறாள். எனக்குத் தெரியும், காலையில் கை சொன்னதைக் கேட்கும், மத்தியானத்துக்கு மேல்தான் முறைத்துக்கொள்ளும். காலையில் மாலுமிகளை எழுதி முடித்துவிட்டுச் சாயங்காலத்துக்குக் கிழவரை வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இன்னொன்றும் இருக்கிறது. மூன்றாவது இதழின் கடைசிக் கட்டத்தில் ‘தொடரும்’ என்று ஒரு சொல். அதை யாரும் பேசவில்லை, கிழவரும் பேசவில்லை. அதன் கொம்பும் லேசாக ஒடிந்திருக்கிறது. அச்சில் மை இழுத்திருக்கிறது என்கிறாள் உன் தங்கை. இருக்கலாம். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளத்தான் பார்க்கிறேன்.

நேற்று சனிக்கிழமை. கட்டு பிரித்து அடுக்கினார்கள், வழக்கம்போல் ஒவ்வொன்றாக எடுத்தேன். உன் கை எதிலும் இல்லை. கடல் கதை வந்திருக்கிறது, வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். அவர்களும் கிழவருக்கு நடுக்கம் போட்டிருக்கிறார்கள், அலை அலையாக, ஒரே அளவில், பூவேலை மாதிரி அழகாக. வேண்டுமென்றே நடுங்கினால் அப்படித்தான் இருக்கும்போல. கடைக்கார அம்மா, ‘என்ன சார், இன்னிக்கு ஆளு சிக்கலையா’ என்று சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார். உன் தங்கையிடம், இந்த வாரம் இரண்டுமே நீ எடுத்துக்கொள் என்றேன். எவ்வளவு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள் அதற்கு. அலமாரி முன்னால் நின்றாள், எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள், கடைசியில் ‘எதுவும் வேண்டாம்ப்பா’ என்று வந்துவிட்டாள். முதல் தடவையாக வெறுங்கையோடு திரும்பினோம்.

ஒரு வாரம் உன் மேசைக்கு வேறு வேலை வந்திருக்கலாம், அது எனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டில் எது என்று சொல்லிவிடு தம்பி. என் எழுத்தைப் பார்த்துத்தான் எழுதினாய் என்றால் நான் கோபிக்க மாட்டேன், என் கை ஏதோ ஒன்றுக்காவது உதவிற்று என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன். இல்லை, மற்றது என்றால் அதை என்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், எனக்குத் தெரிந்த அளவுக்கு உன் மேலதிகாரிக்குத் தெரியாது. ஒரு கையை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதாதே, அன்றைக்கு எழுதிவிடலாம், மறுநாள் இரண்டும் போகும். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. வேலை போய்விடும் என்று பயந்து டாக்டரைத் தள்ளிப் போடாதே. வேலை போனால் வீடு இருக்கிறது, உன் அறையில் இப்போது காமிக்ஸ் அடுக்கித்தான் வைத்திருக்கிறோம், நகர்த்திவிடலாம். அடுத்த முறை படத்தோடு பேசும்போது ஒரு டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி எங்கள் முன்னால் குடி. சிந்தினாலும் பரவாயில்லை, தரையைத் துடைத்துவிடலாம். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்திருப்பேன்.

நீ நோய் நொடி இல்லாமல், கண்ணும் கையும் கெட்டியாக இருந்து, நினைத்ததெல்லாம் கைகூட வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். பதிலைப் போனில் தட்டி அனுப்பாதே. தாளில் உன் கையால் எழுது, நாலு வரி போதும், எப்படி வருகிறதோ அப்படியே மடித்து அனுப்பு. நேராக வருகிற வரைக்கும் கிழித்துக் கிழித்து எழுதாதே, அது எனக்குத் தெரிந்துவிடும். கையெழுத்தை மட்டும் நானே போடுகிறேன் என்று உன் தங்கையிடமிருந்து பேனாவை வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அப்பா

அண்ணா, மேலே கடைசியில் இருப்பது மை கொட்டியது இல்லை, அது அப்பாவின் கையெழுத்து. போட்டு முடிக்க நிறைய நேரம் ஆனது, நான் தாளைப் பிடித்துக்கொண்டேன். கப்பல் தலைவர் பேசுவது போலவேதான் இருக்கிறது, நீயே ஒப்பிட்டுப் பார். இனி எழுதுவதை அப்பாவிடம் படித்துக் காட்டப் போவதில்லை. டாக்டர் பிள்ளைகளுக்கு எப்படி என்று கேட்டபோது அப்பா உன்னை மட்டும்தான் சொன்னார். நானும் பிள்ளைதானே. தினமும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஒரு டம்ளர் நிறைய ஊற்றித் தூக்கிப் பார்க்கிறேன், இதுவரை சிந்தவில்லை. இந்தக் கடிதத்தை நிதானமாக, நடுவில் எழுந்திருக்காமல்தான் எழுதினேன். முதல் வரியில் என் எழுத்து எப்படி இருந்ததோ கடைசி வரியிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துச் சொல். நம் வீட்டில் எழுத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள் நீயும் அப்பாவும்தான், அப்பாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தங்கை