கடைசி வரிசைக் குருவிகள்

பாலோ ப்ளாங்கோ, டெக்சஸ்
தவக்காலம், நான்காம் வாரம், திங்கள்

என் அன்புப் பேத்தி நொயெமிக்கு,

பாட்டி எர்லிந்தா எழுதுவது. கடவுளும் கன்னி மரியும் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. கடிதத்தை யாரும் பாதியில் துண்டிக்க முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்திகள். உன் தம்பி ஏபெல் காற்றாலைக் கோபுரத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தேர்வில் தேறிவிட்டான். முதல் நாளே உச்சியிலிருந்து எனக்குப் போன் போட்டு, "பாட்டி, இங்கேருந்து கடல் தெரியுது" என்றான். "கடலைப் பார்க்காதே, கால் வைக்கிற இடத்தைப் பாரு" என்று கத்தினேன். உங்கள் வீட்டுச் சின்னவள் யாரெத்சி பள்ளியின் மரியாச்சி இசைக் குழுவோடு மாநிலப் போட்டிக்குப் போய் வயலினில் முதலாவதாக வந்தாள். அந்த வெள்ளிப் பொத்தான் வைத்த உடுப்பைக் கழற்ற மாட்டேன் என்று அதோடேயே பூசைக்கு வந்தாள், சாமியாரும் சிரித்துவிட்டார். உன் மாமா மகன் ஒமேரோ நர்ஸ் படிப்பை முடித்துப் பெரிய மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறான். ஊரில் யார் விசாரித்தாலும் இத்தனை பேரைப் பற்றியும் சொல்லி முடித்த பிறகுதான் உன் பெயரை எடுப்பேன். துணைத் தலைமை ஆசிரியை, அடுத்து டாக்டர். கல்வித் தலைமையில் டாக்டர். அதை எல்லோருக்கும் சரியாகச் சொல்ல வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகிவைத்திருக்கிறேன்.

உன் சின்னத் தாத்தா சானோ சும்மா இருப்பானா? "டாக்டரம்மா வந்தா என் முழங்காலைப் பார்க்கச் சொல்லுங்க அண்ணி" என்றான். "உன் முழங்காலுக்கு வேற ஆளைப் பாரு. உன்னை ஒரே வகுப்புல மூணு வருஷம் உட்கார வச்சாங்களே, அது ஏன்னு கண்டுபிடிக்கிற டாக்டர் அவ" என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டான்.

அந்த டாக்டர் பட்டத்தைத்தான் நீ பாதியில் விட்டுவிடப் போகிறாய் என்று உன் அம்மா டெல்ஃபினா சனிக்கிழமை என் சமையலறையில் நின்று அழுதாள். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. உன் பள்ளிக்கூடத்தையே நீ ஆராய்ச்சி செய்தாய். வடக்கே அறுவடைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று ஆசிரியைகளிடம் கேட்டுப் பதிவு செய்தாய். பெயர்களை எல்லாம் மாற்றிவைத்தாய். ஜனவரியில் கல்விக் குழுக் கூட்டத்தில் அதைத் திரையில் காட்டினாய். அதில் 'ஆசிரியை ரோசா' என்று ஒருத்தி சொல்கிறாள்: "என் தகைவிலான் குருவிகளைக் கதவோரம் கடைசி வரிசையில் உட்கார வைப்பேன். எப்படியும் ஏப்ரலில் பறந்துவிடும். முன் வரிசையை ஏன் வீணாக்க வேண்டும்?"

கண்ணே, பெயரை மாற்றினாய், குருவியை மாற்றவில்லையே. பருவம் பார்த்து வடக்கே பறக்கும் அந்தக் குருவியின் பெயரால், தகைவிலான் என்று, இந்த ஊரில் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறவள் ஒருத்திதான். உன் ஞானத்தாய் பெலியா. கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேரை நாலாம் வகுப்பில் அவள் கூப்பிட்ட பெயர் அது. உன்னையும் கூப்பிட்டிருக்கிறாள்.

ஆராய்ச்சியை எழுதி முடிக்க லீவு எடுத்து நீ சான் அன்டோனியோவுக்குப் போன பிறகு இங்கே நடந்ததை உன் அம்மா உனக்கு மென்று விழுங்கித்தான் சொல்லியிருப்பாள். நான் சொல்கிறேன். யாரோ அந்தத் திரையைப் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பினார்கள். பெற்றோர்கள் சிலர் கூடி, அவளை வகுப்பிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் கூப்பிட்டு, சீக்கிரம் ஓய்வு பெற்றுக்கொள்கிறீர்களா என்று தேன் தடவிக் கேட்டார்களாம். கடையில் அவள் வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து ஒருவன் குருவி மாதிரி சீட்டி அடித்தான். அன்றிலிருந்து அவள் பாடற்குழுவுக்கு வருவதில்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் ஒவ்வொரு நிலையிலும் அவள்தான் பாட்டை எடுத்துக் கொடுப்பாள். இப்போது யார் தொடங்குவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

இப்போது அவள் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளப் போகிறாளாம். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று நீ கையெழுத்து வாங்கிய தாளிலேயே இருக்கிறதாம். அவள் வார்த்தை போனால் நாலாம் அத்தியாயம் நிற்காது, மே மாதம் பேராசிரியர்கள் முன்னால் நீ நிற்க முடியாது என்றாள் உன் அம்மா. "அவங்க வார்த்தையை எடுக்கிறதுக்கு முன்னாடி படிப்பை நானே விட்டுடறேன்" என்று நீ சொன்னாயாம்.

எனக்கு அன்று தூக்கமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கபிரொதாதா செய்தேன், தவக்காலத்துக்குச் செய்யும் அந்த ரொட்டிப் பாயசம்தான். பட்டையும் வெல்லப்பாகும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, பாத்திரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பெலியா வீட்டுக்குப் போனேன். உன் அம்மாவுக்குத் தெரியாது, சொல்லிவிடாதே.

பெலியா பின்பக்கம், பனியில் கருகின பம்ளிமாஸ் மரத்தடியில், விழுந்த காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை, ஆனாலும் ஞானஸ்நான உறவை விடாமல் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டாள். "கொமாத்ரே, சமாதானம் பேச வந்தீங்களா, டாக்டரோட பாட்டியா வந்தீங்களா?" என்றாள். "கை சுடுதுடி, முதல்ல கதவைத் திற" என்றேன். திறந்தாள். தட்டு எடுத்து வைத்தாள். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ கேட்க வேண்டும். "நான் சொல்லலைன்னு சொல்ல மாட்டேன் கொமாத்ரே. சொன்னேன். ஆனா இதே மேசையில உட்கார்ந்து ரெண்டு கப் காபி குடிச்சா. ஞானமகதானேன்னு வாய்க்கு வந்ததைப் பேசினேன். நடுவுல அந்தச் சின்ன மெஷின் சிவப்பு விளக்கோட இருந்துச்சு. எனக்கு அது மறந்துபோச்சு. அவளுக்கு மறக்கலை."

நான் சொன்னேன்: "பெலியா, நானும் கடைசி வரிசைதான். மிஷிகன்ல செர்ரியும் ஆப்பிளும் பறிச்சிட்டு நவம்பர்ல வருவோம். எனக்குன்னு ஒரு மேசைகூட இருக்காது. கோட்டு மாட்டுற ஆணிக்குக் கீழே உட்காருவேன், அஞ்சாவதோட நின்னுட்டேன். அவ எழுதினது பொய்னு என்னால சொல்ல முடியாது." அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். பிறகு, "எங்கம்மாவும் அங்கேதான் உட்கார்ந்தா" என்றாள். அப்படியிருந்துமா என்று கேட்க எனக்கு நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. அவள் முகத்தில் அவளே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் கோபம் வந்தது அவளுக்கு. "போகிற பிள்ளைங்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு பை நிறையப் புத்தகம் கட்டிக் கொடுப்பேனே, என் கையால. வடக்கே இருக்கிற டீச்சருக்கு இந்தப் பிள்ளைக்கு எதுவரைக்கும் தெரியும்னு எழுதி உள்ளே வைப்பேனே. அதையும் அன்னிக்கு அவகிட்டச் சொன்னேன். அது எங்கே கொமாத்ரே? அதைத் திரையில போட இடம் இல்லையா?" என்றாள். உன்னையே கேட்கிறேன், நொயெமி. அது உன் அத்தியாயத்தில் இருக்கிறதா? இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஏன் இல்லை என்று எனக்குச் சொல்ல வேண்டாம், அவளுக்குச் சொல்.

இன்னொன்றும் சொன்னாள், எழுதக் கை கூசுகிறது. எழுதினதைச் சரிபார்க்கச் சொல்லி அவளுக்குக் கம்ப்யூட்டரில் அனுப்பியிருந்தாயாம். "நான் அதைத் திறக்கவே மாட்டேன்னு அவளுக்குத் தெரியாதா? பள்ளிக்கூட மெயிலை எனக்குத் திறந்து கொடுக்கிறதே அவதானே! எல்லாத்தையும் திறந்து கொடுத்தவ, இதை மட்டும் ஏன் திறந்து கொடுக்கலை?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நீ பயந்திருப்பாய். எனக்குத் தெரியும். இரக்கமில்லாதவள் இல்லை நீ. வேலையையும் பார்த்துக்கொண்டு சனிக்கிழமை தோறும் வகுப்புக்கு ஓடி, முடிக்க வேண்டும் முடிக்க வேண்டும் என்று மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தாய். அனுப்பினால் கடமை முடிந்தது என்று நினைத்திருப்பாய். ஆனால் கண்ணே, பட்டத்தை விட்டுவிட்டால் அவள் பெயரைத் திரும்பக் கொடுத்ததாக ஆகிவிடுமா? சீட்டி அடித்தவன் அடித்ததுதான். அந்தப் பிள்ளைகளும் கதவோரம்தான் இருப்பார்கள். இரண்டு பக்கமும் நஷ்டம், நீ மட்டும் தண்டனை அனுபவித்த திருப்தியோடு இருப்பாய். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் பெலியா பொறுத்திருப்பாளாம். "வந்து என் முகத்தைப் பார்த்து முழுசையும் படிச்சுக் காட்டட்டும். நல்லதும் கெட்டதும், எல்லாத்தையும். அப்புறம் வச்சுக்கலாமா எடுத்துக்கணுமான்னு நான் சொல்றேன்" என்றாள். வைத்துக்கொள்ளச் சொல்வாள் என்று நான் உறுதி சொல்லவில்லை. நான் வாக்கு கேட்கவுமில்லை, கேட்டிருந்தால் கொடுத்திருக்கவும் மாட்டாள். படித்துக் காட்டிய பிறகும் அவள் எடுத்துக்கொண்டால் நாலாம் அத்தியாயம் போகும். அப்போதும் நீ அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தவளாக இருப்பாய். அதற்குப் பிறகு வேறு அத்தியாயம் எழுத எத்தனை வருஷம் ஆனாலும் இந்தக் கிழவி காத்திருப்பேன். கர்த்தர் அனுமதித்தால்.

பெரிய வியாழனன்று பேருந்தில் வந்தால் ஏபெல் நிறுத்தத்தில் நிற்பான். என்னைத் துணைக்குக் கூப்பிடாதே, வர மாட்டேன். வாசல் வரைக்கும் வேண்டுமானால் வருகிறேன்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன், தூரத்திலிருந்துதான், ஆனாலும் அது வந்து சேரும். வேளைக்குச் சாப்பிடு.

உன் பாட்டி,
எர்லிந்தா ட்ரெவிஞ்ஞோ

பின்குறிப்பு: நான் கிளம்பும்போது பெலியா பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டு, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். உள்ளே போகவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "இளைச்சுப் போயிட்டாளா?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜனவரியில் நீ போன பிறகு நான் உன்னைப் பார்க்கவில்லையே. அதனால் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்புவது வேண்டாம், கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி காகிதத்தில். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். இந்த வாரமே தபாலில் போடு. இரண்டு பிரதி அனுப்பு.